வெளியேற அம்பு இல்லாத கட்டம்

எங்கள் லேப்பில் மொத்தம் அறுபத்து நான்கு பேர். அறுபத்து மூன்று பேருக்குப் பச்சை, எனக்கு மட்டும் சிவப்பு. சுவரில் மாட்டியிருந்த பெரிய திரையில் ரோல் நம்பர் வரிசைப்படி புள்ளி புள்ளியாக எல்லாம் தெரியும். உள்ளே வருகிறவர்கள் யாராக இருந்தாலும் முதலில் அந்தச் சிவப்பைப் பார்ப்பார்கள், அப்புறம் என்னைத் தேடுவார்கள்.

"நீங்க ஒரே ஒரு அம்பு போட்டுட்டா முடிஞ்சுது," என்றார் லேப் மேடம், மூன்றாவது முறையாக.

"எங்க இருந்து எங்க மேடம்?"

"இந்தக் கட்டத்துல இருந்து... எங்கயாவது."

மேடத்துக்கு என்னைவிட இரண்டு வயது குறைவு. நான் நான்கு வருடம் வேலைக்குப் போய்விட்டுப் பிறகு படிக்க வந்தவள் என்பதால் என்னை 'நீங்க' என்றுதான் சொல்வார். வகுப்பில் மற்றவர்களுக்கு நான் 'வக்கீல்'. படிப்பது கணினி அறிவியல், பட்டம் மட்டும் சட்டத்தில் கொடுத்துவிட்டார்கள். எதைச் சொன்னாலும் ஏன் என்று கேட்கிறேனாம். கேட்கிறேன்தான்.

நான்காவது, கடைசி வருடத்தில் எங்களுக்கு மென்பொருள் மாதிரியாக்கம் என்று ஒரு பாடம். ஒரு மென்பொருளை எழுதுவதற்கு முன்னால் அது எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று படம் வரைந்து பார்ப்பது. அதற்காகவே கல்லூரியில் ஒரு டூல் வாங்கியிருந்தார்கள். அதில் நிலைப்படம் என்று ஒரு வகை உண்டு. ஒரு பொருள் எந்தெந்த நிலையில் இருக்குமோ அதற்கெல்லாம் ஒவ்வொரு கட்டம். ஒரு நிலையிலிருந்து இன்னொன்றுக்குப் போக ஓர் அம்பு. நூலகப் புத்தகம் என்றால் 'அலமாரியில்' ஒரு கட்டம், 'வெளியே' ஒரு கட்டம், நடுவில் 'இரவல் வாங்கினால்' என்று எழுதிய அம்பு. உள்ளே வர வழி இருந்து, வெளியே போக வழி இல்லாத கட்டம் இருந்தால் டூல் அதைச் சிவப்பாக்கிவிடும். ஒரு சிவப்புக்கு இருபதில் ஐந்து மார்க் போச்சு. மார்க் போடுவதும் அந்த டூல்தான்.

இதற்கு எங்கள் சீனியர்கள் ஒரு வழி கண்டுபிடித்து வைத்திருந்தார்கள். எங்கே சிவப்பு வருகிறதோ அங்கிருந்து முதல் கட்டத்துக்கு ஓர் அம்பை இழுத்து, மேலே 'மற்றவை' என்று எழுதிவிட வேண்டும். டூல் வாயை மூடிக்கொள்ளும். அம்பு இருக்கிறதா என்றுதான் அது பார்க்கும், மேலே என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்காது. கடைசி வரிசையில் உட்காரும் தாடிக்காரன் ஒரு மருத்துவமனைக்குப் படம் போட்டான். 'இறந்தார்' என்ற கட்டம் சிவப்பானது. அங்கிருந்து 'வரவேற்பறை'க்கு ஒரு 'மற்றவை' போட்டான். இருபதுக்கு இருபது வாங்கினான்.

என்னை உத்தமி என்று நினைத்துவிடாதீர்கள். லிஃப்ட் படத்தில் நானும் ஒரு 'மற்றவை' போட்டவள்தான்.

கடைசி அசைன்மெண்டுக்கு மேடம் ஒரு நிபந்தனை வைத்தார். "புத்தகத்துல இருக்கறத வரையாதீங்க. ஏதாவது ஒரு ஆபீஸுக்கு நேர்ல போங்க, கேளுங்க, நடக்கறத மட்டும் வரைங்க. அம்புக்கு மேல எழுதறது, யாரு என்ன பண்ணினா இது நகருதுங்கறது. அது தெரியலன்னா அந்த அம்பே வேணாம்." நல்லாத்தான் சொல்லிக்கொடுத்தார். சொல்லிக்கொடுத்ததை ஒருத்தி அப்படியே கேட்பாள் என்று அவர் எதிர்பார்க்கவில்லை போலிருக்கிறது.

நான் எங்கள் கல்லூரியின் தேர்வு அலுவலகத்தை எடுத்துக்கொண்டேன். எடுத்ததற்குக் காரணம் இருந்தது.

இரண்டாம் வருடம் தரவுத்தளப் பாடத்துக்கு லேப் தேர்வு நடந்தபோது, சுவரோரம் இருந்த ஒரு வரிசைக்கு மட்டும் மின்சாரம் போய்விட்டது. பதினோரு பேர். எங்களைத் தூக்கிப் பக்கத்து அறையில் உட்கார வைத்தார்கள். எழுதினோம், முடித்தோம், வீட்டுக்குப் போனோம். வருகைப் பதிவை நாங்கள் உட்கார்ந்த மெஷினின் நம்பரை வைத்துத்தான் எடுப்பார்கள் என்பது எங்களுக்கு எப்படித் தெரியும்? பழைய மெஷின்களில் ஆள் இல்லை, ஆகவே பதினோரு பேரும் 'வரவில்லை'. மார்க் பட்டியலில் எனக்கு ஐம்பதுக்கு நாற்பத்து மூன்று. வராதவளுக்கு மார்க் எப்படி என்று தேர்வு அலுவலகத்து மென்பொருள் குழம்பிப்போய், எங்கள் பதினோரு பேரையும் 'நிறுத்திவைப்பு' என்ற கட்டத்தில் தள்ளிவிட்டது. அன்றிலிருந்து இரண்டு வருடம் அங்கேயேதான் இருக்கிறோம். நான் மட்டும் ஆறு மனு கொடுத்திருக்கிறேன். எல்லாம் கிணற்றில் போட்ட கல்.

அந்த ஒரு பாடம் வெளியே வராமல் இறுதி மதிப்பெண் பட்டியல் அச்சாகாது. ஆம்புலன்ஸ் கட்டுப்பாட்டு அறைக்கு மென்பொருள் எழுதுகிற ஒரு கம்பெனி என்னைத் தேர்ந்தெடுத்திருந்தது. படிப்பு முடிந்த அடுத்த மாதம் ஒன்றாம் தேதி பட்டியலோடு வந்து சேர வேண்டும், இல்லையென்றால் அடுத்த ஆளுக்குப் போய்விடும். அந்த வேலை எனக்கு வேண்டும்.

மூன்று நாள் நோட்டும் பேனாவுமாகத் தேர்வு அலுவலகத்தின் ஜன்னல் முன்னால் நின்றேன். கண்காணிப்பாளர் நல்ல மனிதர். இத்தனை வருடத்தில் அவர் வேலையைப் பற்றி யாரும் அவரிடம் கேட்டதில்லையாம். உற்சாகமாகத் திரையைத் திருப்பிக் காட்டினார். 'நிறுத்திவைப்பு' பக்கத்தில் இரண்டே பட்டன்கள்தான் இருந்தன. ஒன்று 'பார்', இன்னொன்று 'அச்சிடு'.

"விடுவிக்கற பட்டன் எங்க சார்?"

"வாங்கும்போதே இல்லம்மா."

"இதுல இருந்து யாராவது வெளிய வந்திருக்காங்களா?"

"எனக்குத் தெரிஞ்சு இங்க யாரும் விடுவிச்சதில்ல," என்றார். அவரைக் குறை சொல்லி என்ன செய்ய? படத்தில் அதையே வரைந்தேன். உள்ளே வர ஓர் அம்பு, வெளியே போக ஒன்றுமில்லை. டூல் சிவப்பாக்கியது. வாழ்க்கையில் முதல் முறையாக ஒரு மெஷின் எனக்காகக் கோபப்பட்டது.

"அம்பு வேணாம்னா இன்னொண்ணு பண்ணலாம்," என்று மேடம் குனிந்து மெதுவாகச் சொன்னார். "இந்தக் கட்டத்தை 'முடிவு நிலை'ன்னு டிக் பண்ணிடுங்க. முடிவு நிலைக்கு வெளிய போற அம்பு தேவையில்ல. சிவப்பு போயிடும்."

"யாருக்கு மேடம் முடிவு? எனக்கா?"

மேடம் நிமிர்ந்து நின்றார். அவர் முகத்தைப் பார்த்தால் பாவமாக இருந்தது. அவருக்கும் ஒப்பந்த வேலைதான், வருடா வருடம் நீட்டிக்க வேண்டும். "நாளைக்கு ஆய்வுக் குழு வருது. சார் உங்களைக் கூப்பிடறார்," என்றார்.

துறைத்தலைவரின் அறையில் நாற்காலிகளுக்கெல்லாம் புது உறை போட்டிருந்தார்கள். ஆய்வுக் குழு இரண்டு நாள் தங்கி எங்கள் துறைக்கு அங்கீகாரம் கொடுப்பதா இல்லையா என்று பார்க்கப்போகிறது. லேப்பின் திரைதான் அவருடைய முதல் காட்சிப் பொருள்.

"உன்னோட கேஸ் அந்த நிறுத்திவைப்புதானே?" என்றார். "அதுக்குப் போய் ஏம்மா படமெல்லாம் வரையற? என்கிட்ட நேரா வந்து சொல்லியிருக்கலாமே."

"நாலு மனு உங்ககிட்டதான் சார் குடுத்தேன்."

அதை அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. "மனசு வச்சா அரை மணி நேர வேலை. அந்த சாஃப்ட்வேர் கம்பெனிக்காரனுக்கு ஒரு போன் போட்டா, உள்ள போய் மாத்திடுவான். போன வருஷம்கூட ஒருத்தருக்குப் பண்ணிக் குடுத்தேன். நீ அந்தச் சிவப்பை எடுத்துடு, நாளைக்குச் சாயந்திரமே உனக்குப் போட்டுடறேன்."

இரண்டு வருடமாக வழியே இல்லை என்று நினைத்துக்கொண்டிருந்த இடத்தில் ஒரு கதவு இருந்திருக்கிறது, சாவி இவர் சட்டைப்பையில். "மத்த பத்து பேருக்கு சார்?"

"அவங்க என்கிட்ட வரலையே."

"அவங்களும் மனு குடுத்திருப்பாங்களே சார்."

"இங்க பாரும்மா. எல்லாருக்கும் பண்ணினா தப்பு நம்ம மேலன்னு ஆயிடும். ஒருத்தருக்குப் பண்ணினா அது உதவி." இதைச் சொல்லும்போது அவர் குரலில் ஒரு கனிவுகூட இருந்தது. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

வீட்டில் அக்காவிடம் சொன்னேன். அக்கா மருத்துவமனையில் நர்ஸ். டியூட்டி முடிந்து வந்து வெந்நீர் வாளியில் காலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"ஏண்டி, இதுல யோசிக்க என்ன இருக்கு? அம்பைப் போட்டுட்டு வாயை மூடிட்டு வா."

"அது பொய்க்கா."

"பொய்யா இருந்தா என்ன, கோடுதானே? கோட்டைப் போட்டா வேலை கிடைக்கும். அந்தப் பத்து பேர்ல ஒருத்தர் உனக்காக ஒரு வார்த்தை கேட்டிருப்பாங்களா?"

"நானும்தான் அவங்களுக்காகக் கேட்டதில்ல."

"அப்ப கணக்கு நேராயிடுச்சு. விடு."

அத்தான் உள்ளேயிருந்து எட்டிப் பார்த்து, "கோர்ட் கலைஞ்சுதுன்னா சாப்பிடலாமா?" என்றார். யாரும் சிரிக்கவில்லை. அக்கா காலைத் துடைத்துக்கொண்டே, கோபமில்லாமல், "எனக்கு நீ நல்லா இருக்கணும்டி, அவ்வளவுதான்," என்றாள். நான் தட்டை எடுத்து வைத்தேன். சாப்பிட்டு முடிப்பதற்குள் முடிவு பண்ணிவிட்டேன். 'மற்றவை' போட்டுவிடுவது.

காலையில் எட்டரைக்கே லேப்புக்குப் போனேன். மேடம் மட்டும் இருந்தார், திரையைத் துணியால் துடைத்துக்கொண்டு. என் படத்தைத் திறந்தேன். 'நிறுத்திவைப்பு' கட்டத்திலிருந்து 'முடிவு வெளியீடு' கட்டத்துக்கு அம்பை இழுத்தேன். மேலே என்ன எழுத என்று டூல் கேட்டது, கர்சர் மினுக்கிக்கொண்டிருந்தது.

'மற்' என்று இரண்டு எழுத்து அடித்துவிட்டேன். கை நின்றுபோனது. யார் என்ன செய்தால் இது நகர்கிறது? நேற்றுவரை எனக்குத் தெரியாது, அதனால் அம்பு இல்லை. இப்போதுதான் தெரியுமே. சம்பந்தப்பட்டவரே நாற்காலியில் உட்கார்ந்து தன் வாயால் சொல்லியிருக்கிறார். நேரில் போய்க் கேட்டு நடப்பதை வரை என்றால் இதைவிட நேரில் யாரிடம் கேட்பது? இரண்டு எழுத்தையும் அழித்துவிட்டு எழுதினேன்:

துறைத்தலைவர் மனது வைத்தால்.

சிவப்பு போனது. பச்சை வந்தது. இருபதுக்கு இருபது. 'மாதிரி முழுமையானது, பிழை ஏதுமில்லை' என்று டூல் எனக்கு வாழ்த்து வேறு சொன்னது.

மேடம் துணியோடு வந்து என் தோளுக்குப் பின்னால் நின்று படித்தார். அழிக்கச் சொல்லப்போகிறார் என்று நான் காத்திருந்தேன். "எழுத்துப் பிழை இல்ல," என்று சொல்லிவிட்டுத் திரையைத் துடைக்கப் போய்விட்டார்.

பத்து மணிக்குத் துறைத்தலைவர் வாசலில் தலையை நீட்டினார். சுவரில் அறுபத்து நான்கும் பச்சை. என்னைப் பார்த்துக் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார். படத்தைத் திறந்து பார்க்கவில்லை. பச்சையாக இருப்பதை யார் திறந்து பார்ப்பார்கள்?

பதினொன்றுக்குக் குழு வந்தது, மூன்று பேர். அவர்களில் மூத்தவர் ஒரு பேராசிரியை. தலை முழுக்க நரை, கழுத்தில் சங்கிலி போட்டுத் தொங்கவிட்ட கண்ணாடி. துறைத்தலைவர் திரையைக் காட்டினார், பச்சையைக் காட்டினார், டூலின் பெருமையைச் சொன்னார். பேராசிரியை கேட்டார்: "எல்லாம் புத்தகத்துல இருக்கற உதாரணம்தானா? நிஜமான இடத்தைப் பார்த்து யாராவது வரைஞ்சிருக்காங்களா?"

"ஓ, இருக்கே! நம்ம தேர்வு அலுவலகத்தையே ஒரு மாணவி மூணு நாள் நேர்ல போய் ஆராய்ஞ்சு வரைஞ்சிருக்காங்க," என்று அவரே போய் என் ரோல் நம்பரைத் தொட்டார். என் படம் சுவர் முழுக்க விரிந்தது.

பேராசிரியை கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, சின்னப் பிள்ளை எழுத்துக் கூட்டுவதைப் போல ஒவ்வொன்றாக வாய்விட்டுப் படித்தார். "விண்ணப்பம்... தேர்வு... மதிப்பீடு... நிறுத்திவைப்பு. இங்கேருந்து வெளியீட்டுக்கு..." கொஞ்சம் நிறுத்தினார். "துறைத்தலைவர் மனது வைத்தால்."

கடைசி வரிசையில் தாடிக்காரன் களுக்கென்று சிரித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டான். துறைத்தலைவர் முகம் வெளிறிப்போனது.

"இது விளையாட்டா?" என்று பேராசிரியை என்னைக் கேட்டார்.

எழுந்து நின்றேன். "இல்ல மேடம். அந்தக் கட்டத்துல பதினோரு பேர் ரெண்டு வருஷமா இருக்கோம். வெளிய வர விதி எதுவும் கிடையாது. ஆனா சார் மனசு வச்சா ஒரு போன்ல வரலாம்னு நேத்துதான் தெரிஞ்சுது."

"ஏதோ பொண்ணு தெரியாம..." என்று துறைத்தலைவர் ஆரம்பித்தார்.

"தப்பா இருந்தா சொல்லுங்க சார், இப்பவே அம்பை எடுத்துடறேன். ஆனா எடுத்தா சிவப்பு வந்துடும்."

அவர் எடு என்றால் சுவரில் சிவப்பு. இருக்கட்டும் என்றால் எழுதியிருப்பது உண்மை. பேராசிரியை எங்கள் லேப் மேடத்தின் பக்கம் திரும்பி, "நீங்கதானே இந்தப் பாடம் எடுக்கறீங்க? இதைப் பார்த்தீங்களா?" என்றார்.

"பார்த்தேன்," என்றார் மேடம். கையில் இன்னும் அந்தத் துணி இருந்தது. "யாரு என்ன பண்ணினா நகருதோ அதை எழுதணும்னு நான்தான் சொல்லிக் குடுத்தேன். சரியா எழுதியிருக்காங்க."

பேராசிரியை தன் நோட்டில் ஏதோ எழுதிக்கொண்டார். 'நாளை பார்க்கலாம்' என்று மட்டும் சொல்லிவிட்டு அடுத்த லேப்புக்கு நடந்தார். எனக்காக நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு யாரும் வரப்போவதில்லை என்று அப்போதே தெரிந்துவிட்டது. கடைசியாக வெளியேறிய துறைத்தலைவர் என் மேஜைப் பக்கம் குனிந்து, "அந்தப் போன் இனி உனக்குக் கிடையாது," என்றார்.

"சரி சார்," என்றேன். சொன்ன பிறகுதான் அது எத்தனை பெரிய 'சரி' என்று உறைத்தது. ஆம்புலன்ஸ் வேலை கையை விட்டுப் போய்விட்டது. வராண்டாவுக்கு வந்து அழுதேன். தாடிக்காரன் வந்து பக்கத்தில் நின்று, "வக்கீல், அந்தப் பதினொண்ணுல நானும் ஒருத்தன்," என்றான்.

எனக்கு அது தெரியாது. அவனுக்கும் என்னைப் பற்றித் தெரியாது. இரண்டு வருடமாக ஒரே லேப்பில் உட்கார்ந்துகொண்டு ஆளுக்கொரு மனு தனித்தனியாக எழுதிக்கொண்டிருந்திருக்கிறோம். மின்சாரம் போன அன்று யார் பக்கத்தில் யார் உட்கார்ந்திருந்தோம் என்றுகூட நினைவில்லை. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை, பாதி எங்கள் மேலேயே. அவன் ஐந்து பேரைக் கண்டுபிடித்தான், நான் நான்கு பேரை. ஒருத்தி குழந்தை பெற்று வீட்டில் இருந்தாள், போனிலேயே ரோல் நம்பரைச் சொல்லிவிட்டு, "எனக்கும் சேர்த்துக் கத்து," என்றாள்.

மறுநாள் காலை ஒன்பதரைக்குத் தேர்வு அலுவலக ஜன்னல் முன்னால் பத்து பேர் நின்றோம். கண்காணிப்பாளர் எங்களைப் பார்த்துவிட்டு, "ஒவ்வொருத்தரா வாங்கம்மா," என்றார்.

"ஒவ்வொருத்தராத்தான் சார் ரெண்டு வருஷமா வந்தோம்."

"சாஃப்ட்வேர்ல வழி இல்லன்னு உனக்குத்தான் தெரியுமே."

"ஒரு போன்ல வழி இருக்காம் சார். போன் பண்றவரை வரச் சொல்லுங்க. நாங்க எங்கயும் போகல, இங்கயே நிக்கறோம்."

குழு அன்று தேர்வு அலுவலகத்தைப் பார்வையிட வேண்டிய நாள். பத்தரைக்கு வருவதாக அவர் மேஜையில் கிடந்த நிகழ்ச்சி நிரலிலேயே இருந்தது. அவர் அதைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார், போனை எடுத்தார்.

பத்தேகாலுக்குத் துறைத்தலைவர் வேகமாக நடந்து வந்தார். இரவெல்லாம் தூங்காத முகம். என்னைப் பார்த்து, "நீ மட்டும் உள்ள வா," என்றார்.

"வர மாட்டேன் சார்."

"உன் வேலை முடியணுமா வேணாமா?"

"முடியணும். பதினோரு பேருக்கும்."

யாரோ பின்னாலிருந்து என் முதுகைத் தொட்டார்கள், யார் என்று திரும்பிப் பார்க்கவில்லை. மாடிப்படியில் குழுவின் பேச்சுச் சத்தம் கேட்டது. துறைத்தலைவர் பற்களுக்கிடையில் ஏதோ முணுமுணுத்துவிட்டு, ஜன்னல் விளிம்பில் சாய்ந்து கம்பெனிக்காரனை அழைத்தார். "ஆமா, நான்தான். அந்த நிறுத்திவைப்பு விஷயம். குறிச்சுக்கோங்க." போனைக் காதிலிருந்து எடுக்காமல் என்னைப் பார்த்து, "நம்பர் சொல்லு," என்றார்.

வீட்டில் குழந்தையோடு இருந்தவளின் நம்பரிலிருந்து ஆரம்பித்தேன். ஒவ்வொன்றாக நான் சொல்ல, அவர் போனில் திருப்பிச் சொன்னார். என்னுடையதைப் பதினோராவதாகத்தான் சொன்னேன். முதலில் சொல்லியிருந்தால் அதோடு போனை வைத்திருப்பார்.